மிளகாய்ச் செடி குடித்த மருந்து

தொப்புள் குடலிறக்க ஆபரேஷனுக்குத் தையல் பிரித்த மூன்றாம் நாள், என் புண்ணின் கீழ்முனை வாய் திறந்துகொண்டது. டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "இன்னா சாப்புடறீங்க?" என்று கேட்டார்.

கஞ்சி, ரசம், சுட்ட அப்பளம் என்று பெருமையாகச் சொன்னேன். என் மனைவி வைத்த பத்தியம் அது. மீன், முட்டை, கத்திரிக்காய் எதுவும் ஆகாது, சீழ் வைக்கும் என்பது அவள் சட்டம். பருப்பைக்கூட வாயு என்று தள்ளிவிட்டாள்.

"இதத் தின்னா சதை எப்டி வளரும்?" என்று டாக்டரம்மா அமினோ ஆசிட் பவுடர் எழுதிக் கொடுத்தார். தினம் இரண்டு பாக்கெட், தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். "ரெண்டு வாரத்துல மூடலன்னா திரும்ப தியேட்டருக்குப் போயி தச்சிடலாம்."

சட்டைப் பொத்தான் தைப்பதுபோல் அவர் சொல்லிவிட்டார். கரும்புக் கொல்லையில் பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி எறிந்தவன் நான். ஆனால் முதுகில் போடுகிற அந்த ஊசியை இன்னொரு முறை தாங்க என்னால் ஆகாது.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. செலியமேட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் மனைவிக்குப் பாடம் எடுத்தேன். "அமினோ ஆசிட்னா இன்னா தெரியுமா? மீன் கழிவும் வெல்லமும் டிரம்முல ஊற வச்சி நெல்லுக்கு அடிக்கிறமே, மீன் அமிலம். அதான் இது. பயிருக்கு அது, மனுசனுக்கு இது." அவள் "ஓ" என்று மட்டும் சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் அறிவில் மலைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் ஆரஞ்சு நிறத் தண்ணீர் வந்தது. தித்திப்பாக இருந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "குடிச்ச அஞ்சாவது நிமிசம் உள்ள சதை இழுக்கறது தெரியுதுபா" என்று சொன்னேன். தோட்டத்து மிளகாய்ச் செடி திடீரென்று தளதளவென்று வந்திருந்ததைப் பார்த்து, சாணி எருவின் மகிமையைப் பற்றியும் அவர்களுக்கு விளக்கினேன்.

இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். புண் போன தடவை பார்த்தபடியே இருந்தது.

"பவுடர் குடிச்சீங்களா?"

"ஒரு வேள கூட வுடலீங்க."

"அப்ப திங்கக்கெழம அட்மிட் ஆயிடுங்க."

என் முகத்தைப் பார்த்த மனைவி மெதுவாக வாயைத் திறந்தாள். "இவுரு மேல தப்பு இல்லீங்க. மருந்த மொளகா செடிக்கு ஊத்திட்டேன். இவுரு குடிச்சது பொட்டிக்கட ஜூஸ் பவுடரு."

"ஏம்மா?"

"மீனுல செஞ்சதுன்னு இவுருதான் சொன்னாரு."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

இந்தப் பவுடரில் மீன் இல்லை, ஆனால் மீனே தின்னலாம், புண்ணுக்கு நல்லது என்றார் அவர். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "எங்கப்பா அதத் தின்னுதாங்க செத்தாரு."

அவளுக்கு ஒன்பது வயதில் நடந்தது. வயிற்று ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தவர் ஆசைப்பட்டுக் கேட்டார் என்று அவள் அம்மா விரால் குழம்பு கொண்டுபோய் ஊட்டினார். அந்த வாரமே புண் சீழ் பிடித்து அவர் போய்விட்டார். பொண்டாட்டியே கொன்றுவிட்டாள் என்று ஊர் பேசியது. என் மாமியாரும் அப்படியே நம்பி, மீன் சட்டியைத் தொடுவதையே விட்டுவிட்டார்.

"கிருமி போயிருக்கும்மா. மீன் காரணமில்ல. உங்கம்மா நல்ல சாப்பாடுதான் குடுத்திருக்காங்க" என்றார் டாக்டரம்மா. எனக்கு இன்னும் இரண்டு வாரம் தவணை கிடைத்தது.

அவள் நம்பினாள் என்று சொல்ல முடியாது. பவுடரைக் கலக்கி, மோந்து பார்த்து, ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் கொடுப்பாள். முதல் தடவை மீன் குழம்பு வைத்த அன்று நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள். பிறகு மணிக்கொரு தரம் கட்டு ஈரமாகிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

புண் மூடிக்கொண்டது. தியேட்டர் வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னதும் எனக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே டீ குடிக்கத் தோன்றியது. அவள் விடவில்லை. பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர் பஸ்ஸைத் தாண்டிப் போய், அவள் அம்மா ஊரான பண்டசோழநல்லூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மாமியார் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் வணக்கம் சொல்வதற்குள் மனைவி என் சட்டையைத் தூக்கிவிட்டாள். "தெனம் மீனுதாம்மா போட்டேன். மூடிக்கிச்சி பாரு. உன்னால இல்லம்மா."

மாமியார் கிட்டே வந்து குனிந்து தழும்பைப் பார்த்தார். ஒரு விரலால் தடவினார். அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். சட்டையை இறக்கிக்கொள்ளலாமா என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல், அதைத் தூக்கிப் பிடித்தபடியே நான் நின்றுகொண்டிருந்தேன்.