காணாமல் போன வினாத்தாளும் கால்சட்டைத் திருடனும்

திருடனிடம் அன்பாக நடந்துகொள்வது எப்படி என்று பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நடத்திக்கொண்டிருந்தபோதுதான் என் வினாத்தாள் காணாமல் போனது. அடுத்த ஐந்து நிமிடத்தில் நான் மனசுக்குள் விலங்கு மாட்டியவர்கள் முப்பத்தெட்டுப் பேர். அன்றைக்கு வகுப்புக்கு வந்திருந்ததே முப்பத்தெட்டுப் பேர்தான்.

நான் தமிழ் வாத்தியார். வீடு விருதுநகரில். பள்ளிக்கூடம் சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகிற ரோட்டில் இருக்கிறது. தனியார் பள்ளிதான் என்றாலும் முக்கால்வாசிப் பிள்ளைகளின் வீட்டில் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள். அரையாண்டுத் தேர்வுக்கு வினாத்தாளை நாங்களே தயாரித்து, சிவகாசியில் ஒரு சின்ன அச்சகத்தில் அடித்துக்கொள்வோம். வினா எடுத்த வாத்தியார் அச்சகத்துக்கே போய், முதல் தாளைப் படித்துப் பிழை திருத்தி, அங்கேயே கொடுத்துவிட்டு வர வேண்டும். தாள் அச்சக வாசலைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். தாண்டினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. என்னைப் போல ஒருத்தன் அதுவரை எங்கள் பள்ளியில் வேலைக்குச் சேரவில்லை.

மை சீராக விழுகிற வரைக்கும் மெஷின்காரர்கள் நல்ல தாளை வீணாக்க மாட்டார்கள். கெட்டுப்போன தாள்களின் பின்பக்கத்தில்தான் முதல் பத்துப் பதினைந்தை ஓட்டுவார்கள். அன்று காலையில் என் கைக்கு வந்தது நிறம் விலகிய ஒரு காலண்டர்த் தாள். முன்னால் மயில். நீலம் ஒரு பக்கமும் பச்சை ஒரு பக்கமுமாக விழுந்து அதற்கு இரண்டு கழுத்து. பின்னால் பொதுத்தமிழ், நேரம் மூன்று மணி. உட்கார்ந்து திருத்தியிருக்கலாம். பஸ் போய்விடும் என்று பயம். 'வகுப்புல வச்சுப் பாத்துட்டு சாயந்தரம் தந்துருதேன்' என்று சொல்லி, மெஷின்காரர் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

இன்னொரு சங்கதியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் புத்தகத்துக்கு அட்டை போடக் கடையில் காக்கித்தாள் வாங்குவதில்லை. அச்சகங்களில் கழித்த தாள்தான் அட்டை. வரலாற்றுப் புத்தகத்துக்கு லட்சுமி, கணக்குக்குப் புஸ்வாணப் பெட்டி லேபிள் என்று எல்லாமே கலர் கலராக இருக்கும். நான் அச்சகம் போனால் ஒரு சுருள் வாங்கிவந்து வகுப்பில் கொடுப்பது வழக்கம். அன்றைக்கும் சுருளை மேசையில் வைத்து, ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பசை வைத்திருந்தவர்கள் அப்போதே அட்டை போட்டும் முடித்துவிட்டார்கள். படித்துக்கொண்டிருக்கிற உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். பீதி பிடித்தவனுக்கு இதெல்லாம் விளங்காது. எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

பாடம் ஒரு சிறுகதை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தையல்காரர். கடை வாசலில் கொடியில் தொங்கிய கால்சட்டையை ஒரு பொடியன் உருவிக்கொண்டு ஓடுகிறான். தையல்காரர் துரத்திப் பிடிக்கிறார். அடிக்கவில்லை. கடைக்குக் கூட்டிவந்து, உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அவன் இடுப்பையும் காலையும் அளவெடுத்து, அந்தக் கால்சட்டையை அவனுக்குத் தக்கபடி வெட்டித் தைத்து மாட்டிவிட்டு அனுப்புகிறார். அவ்வளவுதான் கதை. அன்பு என்றால் இது என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, கலந்து பேசுங்கள் என்று பிள்ளைகளிடம் விட்டுவிட்டேன். பிள்ளைகள் கலந்து பேசுவது வாத்தியார் உட்கார்வதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நேரத்தில் பிழை திருத்தலாம் என்று பைக்குள் கை விட்டேன்.

தாள் இல்லை.

டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தேன். தயிர்சாதத்துக்குள் வினாத்தாள் இருக்காது என்று தெரியும், இருந்தாலும் திறந்தேன். ஊறுகாயை நகர்த்தியும் பார்த்தேன். அரையாண்டு வினாத்தாள் வெளியாகிவிட்டது. மாவட்டம் முழுக்கச் செய்தி. விருதுநகரில் என் தெருவில் பருப்பு மண்டி வைத்திருக்கிறவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, நானும் நெனச்சேன் என்பார். அவர் எதையும் நினைக்கிற ஆள் இல்லை. ஆனால் அன்றைக்கு நினைத்திருப்பார்.

அதற்குப் பிறகு வகுப்பில் யார் என்ன சொன்னாலும் எனக்கு வாக்குமூலமாகவே கேட்டது.

கடைசி பெஞ்சில் ஒருவன். லாரி செட் வைத்திருக்கிறவர் வீட்டுப் பையன், எப்போதும் அரை வாய் சிரிப்பு. அவன் எழுந்து, தையல்காரர் அன்பாக அளவெடுத்தார் என்பதை நம்ப முடியவில்லை என்றான். ஏன் என்று கேட்டேன். "போலீஸ்ல அடையாளம் சொல்லணும்லா சார். இடுப்பு இருபத்திரண்டு, ஒசரம் நாலடின்னு கரெக்டாச் சொல்லலாம்ல." வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. குற்றவாளி எப்படி யோசிப்பான் என்று இவனுக்கு எப்படித் தெரியும்? கூடவே அவன் கை வேறு பேன்ட் பைக்குள் இருந்தது. மெதுவாக அவன் பக்கம் நடந்துபோய், திடீரென்று கையை எடுக்கச் சொன்னேன். எடுத்தான். பொரிகடலை. வேணுமா சார் என்று நீட்டினான். நாலு எடுத்துக்கொண்டேன்.

இன்னொருத்தி எழுந்து, சும்மா ஒருத்தர் டீ வாங்கித் தர மாட்டார், நாளையிலிருந்து கடையைக் கூட்ட வா என்பார் என்றாள். சீசன் சமயத்தில் அவள் அம்மாவுக்குக் கம்பெனியில் சேலை எடுத்துக் கொடுத்தார்களாம், அடுத்த நாலு ஞாயிற்றுக்கிழமையும் வேலையாம். பத்துப் பேர் ஆமாம் என்றார்கள். கதை எழுதியவர் அந்த வகுப்பில் இருந்திருந்தால் பேனாவை மூடிவைத்துவிட்டுப் போயிருப்பார்.

மூன்றாவது பெஞ்சு ஓரத்தில் இருந்தவள் கடைசியாகத்தான் எழுந்தாள். தமிழில் எப்போதும் அவள்தான் முதல் மதிப்பெண். அவள் அம்மா ஆலையில் திரி செருகுகிற வேலை பார்க்கிறார். அவள் கேட்டது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. "அவன் திருடுனது விக்கிறதுக்கா உடுத்துறதுக்கான்னு தையக்காரர் கேக்கவே இல்லையே சார். விக்கிறதுக்குன்னா, வெட்டிக் குட்டையாக்குனத யாரு வாங்குவா?"

வேறு நாளாக இருந்தால் அந்தக் கேள்விக்காகவே ஒரு வாரம் அவளைப் புகழ்ந்திருப்பேன். அன்றைக்கு எனக்கு ஒன்றுதான் தோன்றியது. விற்பதைப் பற்றிப் பேசுகிறாளே, என்னத்தை விற்கப் போகிறாள்?

பொறுக்க முடியாமல், நோட்டு சரியாக எழுதுகிறீர்களா என்று பார்க்கணும், எல்லோரும் பையைத் திறந்து மேசையில் வையுங்கள் என்றேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டதாக என் நினைப்பு. பாதிப் பேர் பையைத் திறந்து வைத்ததோடு நிற்காமல், எழுந்து இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு நின்றார்கள். விளையாட்டுக்குத்தான். ஆலை கேட்டில் உள்ளே போகிறவர்களிடம் தீப்பெட்டியும் செல்போனும் இருக்கிறதா என்று அப்படி நிற்கவைத்துத்தான் தடவிப் பார்ப்பார்கள். வீட்டில் சொல்லக் கேட்டது. மூன்றாவது பெஞ்சுக்காரி மட்டும் கையை விரிக்கவில்லை. "எங்க அம்மாவக் கேட்ல பாப்பாக சார். ஆனா எதத் தேடுதோம்னு சொல்லிட்டுத்தான் பாப்பாக" என்றாள்.

எனக்குக் காது சுட்டது. எல்லாரும் உக்காருங்க, கதையிலிருந்து ஒரு பத்தியைப் படி என்று அவளிடமே சொல்லிச் சமாளித்தேன். அவள் புத்தகத்தைத் திறந்தாள். அட்டையில் மயில். மயிலுக்கு இரண்டு கழுத்து. உள்பக்கம் மடித்து ஒட்டியிருந்த ஓரம் ஒரு மூலையில் பசை விட்டுத் தூக்கியிருக்க, அதன் பின்பக்கத்தில், தலைகீழாக, 'எவையேனும் நான்கு வினாக்களுக்கு மட்டும்' என்று என் வினாத்தாள் என்னைப் பார்த்துச் சிரித்தது.

அந்த இடத்தில் ஒரு யோக்கியன், ஏம்மா, அது தப்பா வந்துட்டது, குடு என்றிருப்பான். நான் அன்பைக் காட்டினேன். முகத்தைக் குழைத்துக்கொண்டு, ஒன் அட்டை நல்லால்லையே, மயிலு கோணலா இருக்கே, புத்தகத்த எங்கிட்டக் குடு, நானே பளபளன்னு புது அட்டை போட்டு நாளைக்குத் தாரேன் என்றேன்.

முப்பத்தெட்டு ஜோடிக் கண்கள் என்னைச் சந்தேகப்பட்டன.

"எனக்கு மட்டும் எதுக்கு சார்?" என்றாள் அவள்.

பின்னால் இருந்து அரைவாய்ச் சிரிப்புக்காரன் குரல் வந்தது. "ஏய், குடுத்துராத. அளவெடுக்காரு."

அவள் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மணி அடிக்கிற வரைக்கும் நான் என்ன பேசினேன் என்று தெரியாது. மணி அடித்ததும் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். இந்தத் தடவை அன்பு எதுவும் காட்டவில்லை. நடந்ததைச் சொன்னேன். அச்சகத்திலிருந்து எடுத்துவந்தது என் தப்பு, சுருளோடு வைத்தது என் தப்பு, அரை மணி நேரமாக உங்களையெல்லாம் திருடர்களாகப் பார்த்தது எல்லாவற்றையும் விடப் பெரிய தப்பு என்றேன்.

அவள் அட்டையைப் பிரித்துக் கொடுத்தாள். கிழியாமல், பசை வைத்த இடத்தை நகத்தால் மெதுவாக நெம்பி.

"படிச்சியாம்மா?"

"ஒட்டும்போது பாத்தேன் சார். பழைய வினாத்தாள்னு நெனச்சேன். போன வருசம் கேட்டதுதான அம்புட்டும்."

என் வேலை போகிற பயம் ஒரு நொடி நின்று, அந்த இடத்தில் வேறு ஒரு வலி வந்து உட்கார்ந்தது. பன்னிரண்டு வருஷமாக ராத்திரி கண் முழித்து வினா எடுக்கிறவன் என்று வீட்டில் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

தாள் கைக்கு வந்துவிட்டது. மடித்துப் பைக்குள் வைத்தால் யாருக்கும் தெரியாது. சாயந்தரம் அச்சகத்தில் கொடுத்துவிட்டுப் போகலாம். என் புத்தி அந்தப் பக்கம்தான் முதலில் ஓடியது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவள் போகாமல் நின்றாள். நான் யோசித்ததை அவளும் யோசித்திருக்கிறாள், என்னைவிட வேகமாக.

"சார், இதே கேள்வி வந்து நான் மொதல் மார்க் எடுத்தா, நாளப்பின்ன யாருக்காவது தெரிஞ்சா, என்னயத்தான சொல்வாக?"

அவள் சொன்னது சரி. அவள் வருஷம் முழுக்கப் படித்ததெல்லாம் ஒரு மயில் படத்தில் போய்விடும்.

தலைமையாசிரியை அறைக்குப் போனேன். அவர் யாரையும் நம்பாதவர். சாக்பீஸ் டப்பாவையே பீரோவில் வைத்துப் பூட்டுகிறவர். தாளை மேசையில் வைத்து, வாசலைத் தாண்டிக் கொண்டுவந்துவிட்டேன், வகுப்பில் கைமாறிவிட்டது, வேறு வினாத்தாள் எடுக்கணும் என்றேன். அவர் தாளைத் திருப்பி மயிலைப் பார்த்தார். மடிப்பைப் பார்த்தார். ஓரத்தில் இருந்த பசையைத் தொட்டுப் பார்த்தார். எந்தப் பிள்ளை என்றார்.

எங்கிட்ட இருந்துதான் போச்சு, எங்கிட்டயே வந்துருச்சு என்றேன்.

"நடுவுல யாருகிட்ட இருந்துச்சுன்னு கேட்டேன். யாரக் காப்பாத்துதீக?"

"என்னயத்தான் மேடம்" என்றேன். கால் மணி நேரம் கேட்டுப் பார்த்தார். நான் அசடு வழிந்தேனே தவிர வேறு எதையும் வழியவிடவில்லை. அந்தக் கலையில் எனக்குப் பயிற்சி அதிகம். கடைசியில் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் கொடுத்தார். புது வினாத்தாளை அவர் கண் முன்னாலேயே உட்கார்ந்து எழுதச் சொன்னார். வாட்ச்மேனைக் கதவுக்கு வெளியே நிறுத்தினார். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட மேசைமேல் இருந்த தாள்களின் எண்ணிக்கையைச் சரிபார்த்தார். அச்சகத்துக்கு என்கூட வேதியியல் வாத்தியாரைக் காவலுக்கு அனுப்பினார். மெஷின்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டார்.

ஆனால் ஒன்று. பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக நான் கேட்காத கேள்விகளைக் கேட்டிருந்தேன். பரீட்சை அன்றைக்கு ஹாலில் மேற்பார்வை பார்க்கப் போனபோது அரைவாய்ச் சிரிப்புக்காரனின் வாய் முழுசாக மூடியிருந்தது. மூன்றாவது பெஞ்சுக்காரி வினாத்தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். இப்படியா பழி வாங்குவீக என்று கேட்கிற மாதிரி இருந்தது.

அந்தத் தேர்வில் அவளுக்கு இரண்டாவது இடம். ஒன்றரை மதிப்பெண் குறைவு. அவளைப் பற்றி யாரும் தப்பாகப் பேசவில்லை. பேச ஒன்றுமில்லை.

விடைத்தாள் கொடுத்த அன்று இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கூட்டல் சரியா என்று பார்க்கணும் என்றாள். வாங்கிப் பார்த்தேன். ஏழாவது பக்கத்தில் ஒரு அரை மதிப்பெண்ணைக் கூட்டாமல் விட்டிருந்தேன். சிவப்பு மையில் திருத்தி நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"இந்த அர மார்க்கு எதுக்கு சார்?" என்று கேட்டாள்.

அன்பெல்லாம் இல்லம்மா, கூட்டல்ல விட்டதுதான் என்று ஏழாம் பக்கத்தைத் திறந்து விரல் வைத்துக் காட்டினேன். அவள் அங்கேயே நின்று, முதல் பக்கத்திலிருந்து தானே கூட்டினாள். உதடு அசைந்தது. முடித்துவிட்டு, நம்பிக்கை இல்லாமல், கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பியும் ஒருமுறை கூட்டினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு விடைத்தாளை எடுத்துக்கொண்டு போனாள்.