எங்கள் தெருவுக்கு வராத உப்பு

லண்டன் குட்மேய்ஸில் பனி கொட்டினால், அதைக் கரைக்க உப்புத் தூவும் கவுன்சில் வண்டி பஸ் ஓடும் பெருந்தெருவுக்கு மட்டும்தான் வரும். பக்கத் தெருக்காரர்கள் கடவுளை நம்பி நடக்கவேண்டியதுதான். அன்று முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் பஸ்ஸால் இறங்கினேன். பெருந்தெரு ஈரமாய், கறுப்பாய், ஒழுங்காய்க் கிடந்தது. எங்கள் தெருவில் காலை வைத்ததும் சறுக்கியது. சரிதான், எங்களுக்கெல்லாம் எலும்பு இரும்பால் செய்தது என்று நினைத்துவிட்டார்களாக்கும்.

என் கணவருக்குச் சிறுநீரகங்கள் வேலை செய்வதில்லை. அன்று அவருக்கு டயாலிசிஸ். முந்தைய முறை பனியால் போக முடியவில்லை; கால்கள் வீங்கி, மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. இன்றும் தவறினால் உயிருக்கே ஆபத்து என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

வீட்டு வாசலில் மனுஷன் எனக்கு உதவி செய்து வைத்திருந்தார். நான் களைத்து வருவேனென்று, படியில் கிடந்த பனிக்கு ஒரு கேத்தல் சுடுதண்ணீர் ஊற்றியிருக்கிறார். ஊரில் வாசல் கழுவுகிற நினைப்பு. தண்ணீர் நடைபாதைவரை ஓடிக் கண்ணாடியாய் உறைந்துவிட்டது. நன்றாக ஏசினேன்.

"கரைஞ்சதுதானே," என்றார்.

அந்த நேரம் பார்த்து, இவரை ஏற்ற வரும் ஆஸ்பத்திரிக் கார்க்காரர் போன் எடுத்தார். எங்கள் தெருவுக்குள் வர ஏலாதாம்; பெருந்தெரு முனைக்குக் கூட்டிவரட்டாம்; கனநேரம் நிற்கமாட்டாராம். முனையில் கவுன்சில் வைத்திருக்கும் மஞ்சள் உப்புப் பெட்டியைப் போய்த் திறந்தேன். வழித்துத் துடைத்திருந்தது. திரும்பி வந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். தமிழ்நாட்டுப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை.

"உப்பு இருந்தாத் தாங்கோ பிள்ளை, இவரை வெளியில கொண்டுபோகோணும்."

"கல்லுப்பு இருக்குக்கா, இதோ எடுத்துட்டு வர்றேன்."

பெரிய பையோடு வந்தாள். கையை நீட்டினேன், அவள் பையை மதிலில் வைத்தாள்.

"கையில குடுத்தா சண்டை வரும்க்கா. எடுத்துக்கோங்க."

தலைபோகிற அவசரத்திலும் எனக்கு அது சரியென்றே பட்டது. நாங்களும் அப்படித்தான்.

படியில் கொட்டினேன். இவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உப்பை மிதிக்கிறதே? எனக்கு வாயில வைக்க விடாத சாமானைக் காலுக்குக் கொட்டுறீர்."

"மிதியுங்கோ. லட்சுமி கோவிக்கமாட்டா."

அந்தப் பிள்ளை முன்னால் உப்பைத் தூவிக்கொண்டு போக, நான் அவரைத் தாங்கிக்கொண்டு பின்னால் போனேன். சற்று நடப்பார், மூச்சு வாங்க நிற்பார், மறுபடி நடப்பார். என் தோள் விட்டுப்போனது. நல்லகாலம், கார் நின்றது. ஏற்றி பெல்ட்டையும் மாட்டிவிட்டு, நிற்கத் தெம்பில்லாமல் கார்க் கதவில் சாய்ந்தேன்.

"ஏன் அந்தப் பிள்ளையிட்ட வாங்கினனீர்? வீட்டில உப்பு இல்லையே?" என்று கேட்டார்.

டொக்டர் அவருக்கு உப்பை நிறுத்தியதிலிருந்து, எனக்கு மட்டும் தனியாக உப்புப் போட்டுச் சமைப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன்.

"ரெண்டு சட்டி வைக்க எனக்கெங்க நேரம்?"

என் முகத்தையே பார்த்தார். "அப்ப, இவ்வளவு நாளும் நீரும்...?"

"கார்க்காரர் பாத்துக்கொண்டு நிக்கிறார். போயிட்டு வாங்கோ."

கதவைச் சாத்தினேன். கார் நகர்ந்த பிறகும் அவர் கழுத்தைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டு போனார். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.