அமாவாசைக்குச் சேர்த்துக் கொடுத்த மாத்திரை

தறியில் ஒரு இழை அறுந்தாலும் என் தங்கை திலகவதிக்குத் தெரிந்துவிடும். ஆரணியில் அவள் நெய்த பட்டில் குறை சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. புருஷன் போன பிறகு ஒண்டியாய் நெய்தே மகள் சூர்யகலாவைக் கல்லூரிவரை கொண்டுவந்தாள். அப்படிப்பட்டவள் மாத்திரை விஷயத்தில் கோட்டை விட்டாளே! ஆனால் அவளைத் திட்ட எனக்கும் யோக்கியதை இல்லை.

பத்தொன்பது வயதில் சூர்யாவுக்குக் காதில் யார் யாரோ பேச ஆரம்பித்தார்கள். படிப்பு நின்றது. மூன்று மருந்து மாற்றி, நாலாவதில்தான் அந்தக் குரல்கள் அடங்கின. பெண் சிரித்தாள். அம்மாவோடு தறியில் உட்கார்ந்தாள். ஒரே தொல்லை, தினம் போடும் அந்த ரெண்டு மாத்திரையால் தூக்கம் தூக்கமாய் வரும்.

போன தை மாதம் ஒரு முகூர்த்தச் சேலையை அவசரமாய்க் கேட்டார்கள். தூங்கி வழிந்தால் வேலை ஆகாதென்று திலகவதி மூன்று நாள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். நாலாம் நாள் அமாவாசை. அன்று எங்கள் தெருவில் யாரும் தறியைத் தொடமாட்டோம். லீவுதானே, பெண் நன்றாய்த் தூங்கட்டும் என்று, விட்டுப்போனதையெல்லாம் அன்றையதோடு காலையிலேயே சேர்த்துக் கொடுத்துவிட்டாள்.

மத்தியானம் சூர்யாவுக்கு வலிப்பு வந்தது. தறிக்குழியில் விழுந்து கை முறிந்தது.

"மாத்திரை சரியாத்தானே குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"நீங்க எழுதினபடிதாங்க குடுத்தேன்" என்றாள் தங்கை.

எழுதிய அளவுக்கே வலிப்பு வருகிறதென்று அவர் அந்த மருந்தை நிறுத்தி வேறொன்று கொடுத்தார். ஒரே மாதத்தில் குரல்கள் திரும்பிவந்தன. பெண் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு அமாவாசையன்று, திலகவதி என்னிடம் வந்து உடைந்து அழுதாள்.

"அண்ணா, நான்தாண்ணா சேத்துக் குடுத்துட்டேன்."

"அடிப்பாவி! டாக்டராண்ட ஏன் சொல்லல?"

"பெத்தவளே கொல்லப் பாத்தான்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்துட்டேண்ணா."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். மறுநாளே இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

"ரெண்டு நாள் விட்டுட்டாலே எங்களக் கேக்காம ஆரம்பிக்கக் கூடாதும்மா. கொஞ்சத்துல இருந்து மெதுவா ஏத்தணும். சேத்துக் குடுத்தா வலிப்பு வந்துடும். அன்னிக்கே தெரிஞ்சிருந்தா அந்தப் பழைய மருந்த நிறுத்தியிருக்கவே வேணாம்."

அதையே மறுபடி கால் மாத்திரையில் தொடங்கினார். ஐந்து மாதம் வீண்.

திரும்பும்போது பஸ்ஸில் சூர்யா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை முறிந்து வார்டில் கிடந்த அன்றே அவள் என்னிடம் சொல்லியிருந்தாள்: "மாமா, அம்மா எட்டு மாத்திரை குடுத்துச்சு." வியாதி பேசுகிறது என்று நினைத்து, "சரி கண்ணு, தூங்கு" என்று தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டேன். அம்மாவைக்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நான் எண்ணிட்டுதான் சொன்னேன் மாமா" என்றாள்.


"தெரியும் கண்ணு" என்றேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.