சத்தம் போகாத கதவு

"நான் மாட்டின கதவுக்கு அந்தப் பக்கம் இடியே விழுந்தாலும் இந்தப் பக்கம் கேக்காது!" என்று ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் முன்னால் மார்தட்டியவர் எங்கள் கதவுக்காரர். வங்கி மேலாளர், பல் மருத்துவர், மாமியாரோடு குடியிருக்கும் புதுமணத் தம்பதி என்று அவரைத் தேடி வராத ஆளில்லை.

அப்பேர்ப்பட்ட மேதை தன் வீட்டுக் குளியலறைக்கும் ஒரு கதவு போட்டார். சில மாதங்களாக அதன் பின்னால், பத்திரிகைகளில் மருத்துவர்கள் சுய இன்பம் என்று கூச்சமில்லாமல் எழுதுகிறார்களே, அந்தக் காரியத்தில் ஈடுபட்டார். அதனால் உலகம் ஒன்றும் முழுகிவிடாது. ஆனால் படுக்கைக்கு வந்ததும் "இடுப்பு வலிக்குது" என்று மனைவிக்கு முதுகைக் காட்டிப் படுத்தார் பாருங்கள், அதுதான் வினை.

மனைவிக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. நாள் முழுக்க ஊருக்கே கேட்கும்படி பேசுகிறவர், இதை மட்டும் தொண்டைக்குள்ளேயே வைத்திருந்தார். ஒரு ஞாயிறு மதியம் பொறுக்க முடியவில்லை.

"ஏங்க, இந்த இடுப்பு வலி பாத்ரூம்ல மட்டும் வராதா?"

"எதச் சொல்ற?"

"எல்லாம் வெளிய கேக்குது."

"என் கதவுலயா? சான்ஸே இல்ல!"

மானம் கப்பலேறியது பற்றிக் கவலையில்லை. மனிதர் கட்டைவிரலால் கதவு நிலையைத் தடவி, எங்கே இடைவெளி என்று தேட ஆரம்பித்துவிட்டார்.

"கதவ விடுங்க. என்னைப் பிடிக்கலன்னா சொல்லிடுங்க, அம்மா வீட்டுக்குப் போயிடறேன்."

நிலையைத் தடவிய விரல் நின்றது.

"மூஞ்சியப் பாத்துச் சொல்ல வரல."

"அப்ப உள்ள போய்ச் சொல்லுங்க."

போனார். தாழிட்டுக்கொண்டார்.

"போன தடவ நடுவுல நீ சிரிச்சியே... அதுலேர்ந்து பயம். தனியா இருந்தா சிரிக்க ஆளில்ல."

"ஐயோ, உங்களப் பாத்தா சிரிச்சேன்? கட்டிலு கிரீச்சுன்னு கத்துச்சுங்க! ஊருக்கெல்லாம் கதவு செய்யறவர் வீட்டுக் கட்டிலு!"

மனைவி கதவை ஒட்டி வந்து நின்று குரலைத் தாழ்த்தினார்.

"நானுந்தான் எப்பவாவது... நீங்க வேலைக்குப் போனப்புறம். அது தப்புன்னு நான் சொல்லல. எனக்கு முதுகக் காட்டாதீங்க, அவ்வளவுதான்."

"நீயுமா!"

எதுவோ தடாலென்று விழுந்தது. வாளியாக இருக்கலாம், அவராகவும் இருக்கலாம். வெளியே அடக்க முடியாத சிரிப்பு. சற்று நேரத்தில் உள்ளேயும் அதே வியாதி தொற்றிக்கொண்டது.

சிரித்து ஓய்ந்ததும் கதவுக்காரர் பலகையோடு வாயை ஒட்டி, தன் காதுக்கே எட்டாத குரலில் முணுமுணுத்தார்.

"உன்ன ரொம்பப் பிடிக்கும்டி."

"கேட்டுச்சு," என்றார் மனைவி. "தாப்பாளத் திறங்க."