நான்தான் என்றால் யார்?

நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஆண்டுக்கொரு முறை பென்ஷன் ஆபீசுக்குச் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் நேரில் போய்த் தும்மினால் போதும். இப்போது செல்போனுக்கு முகத்தைக் காட்ட வேண்டுமாம். போன வாரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து கம்ப்யூட்டர் கடையில் போய் உட்கார்ந்தேன்.

"கண்ணச் சிமிட்டுங்க ஐயா" என்றது கடைப் பெண். பொது இடத்தில் கண்ணடிக்கச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது இதுவே முதல்முறை. உற்சாகமாகவே சிமிட்டினேன். 'முகம் பொருந்தவில்லை' என்றது போன். கண்ணாடியைக் கழற்றினேன். பொருந்தவில்லை. பல்செட்டைக் கழற்றினேன். சுத்தமாகப் பொருந்தவில்லை.

பின்னாலிருந்து ஒரு கனைப்பு. திரும்பாமலே தெரிந்துவிட்டது, ஞானப்பிரகாசம். அந்தக் கால ரைஸ்மில் முதலாளி. நாற்பது வருஷத்துக்கு மேலாக என்னோடு பேசாதவர். கோயிலில் நான் வலப்பக்க பெஞ்சு என்றால் அவர் இடப்பக்கம். பூசையில் ஒருவருக்கொருவர் கும்பிட்டு 'சமாதானம்' சொல்லும் நேரத்தில் இருவரும் ஒருசேர அந்தோணியார் சுரூபத்துக்குக் கும்பிடு போடுவோம்.

கடையில் லேமினேஷன் மிஷின் சூடேறி ஒரு வாடை வந்தது. பிளாஸ்டிக் லேசாக வேகும் வாடை. அதே வாடைதான் என் பழைய ஹெட்செட்டிலும் வரும், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கூடுதலாக. எண்ணெய் என் தலையின் உபயம்.

வலங்கைமான் பக்கத்தில் ஒரு சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அப்போது நான் ஆபரேட்டர். யாராவது ரிசீவரை எடுத்தால் என் பலகையில் அவர் நம்பருக்கு உரிய குட்டித் தகரக் கதவு 'டொக்'கென்று விழும். எவரும் பேர் சொல்ல மாட்டார்கள். "நான்தான், மண்டிக்குப் போடு" என்பார்கள். இருமலை வைத்தே ஆளைச் சொல்வேன். ஊரில் எனக்குப் பெயரே எக்ஸ்சேஞ்சுதான். "எக்ஸ்சேஞ்சு வருது, வாய மூடு" என்று பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று நினைக்கிறீர்கள்! ஒட்டுக்கேட்பவனுக்குக் கிடைத்த மரியாதை.

ஒருநாள் டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் ஞானப்பிரகாசம், "ஊரான் வாயில காத வச்சுப் பொழைக்கிற பய" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே மட்டும் ஊமத்தங்காய் காய்த்தது.

நாலாம் நாள் காலையில் அவர் கதவு விழுந்தது.

"நான்டா. நாகப்பட்டினம் போடு. அவசரம்."

"நான்னா யாருங்க?"

"குரல் தெரியல?"

"தெரியலீங்களே. ரூல்படி பேரு சொல்லணும்."

"ரைஸ்மில்லுடா!"

"ஊர்ல ரெண்டு மில்லு இருக்குங்களே, எந்த மில்லு?"

கதவு கண்ணெதிரே தொங்குகிறது. எனக்கோ தேன் குடித்த மாதிரி. பேர், அப்பா பேர், நம்பர் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்து எழுதினேன். அதற்குள் வெளியூருக்கு இருந்த ஒரே லைனைப் பூண்டு வியாபாரி ஒருவர் பிடித்துக்கொண்டார். அவர் பூண்டு விற்று முடிக்க அரைமணி நேரமானது. பிறகு நாகப்பட்டினம் லாட்ஜ் கிடைத்தது. "அந்தத் தம்பி இப்பதான் ஹார்பருக்குக் கெளம்பிட்டாரு" என்றார்கள்.

பாகப்பிரிவினைச் சண்டையில் கோபித்துக்கொண்டு கப்பலேறப் போன அவருடைய ஒரே தம்பி. 'வீட்டை நீயே வச்சுக்க, திரும்பி வா' என்று சொல்லத்தான் அவர் கூப்பிட்டிருக்கிறார். தம்பி திரும்பவே இல்லை. பினாங்கில் அடக்கம் ஆனதாகக் கடிதம்தான் வந்தது.

"என் தம்பிய அனுப்பி வச்சவன் நீதான்டா" என்று எக்ஸ்சேஞ்சு வாசலில் நின்று கத்தினார். ரூல்படிதான் செய்தேன் என்றேன். அந்த வாக்கியத்தை இன்றுவரை வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எனக்கே வாந்தி வரும்.

பிறகு ஆபரேட்டர் இல்லாமல் அவரவரே நம்பர் சுழற்றும் ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்சு வந்தது. முதல் நாளே அவர் வாசலுக்கு வந்து, "இனிமே எவன்கிட்டயும் நான் பேரு சொல்ல வேண்டியதில்லடா" என்று அறிவித்துவிட்டுப் போனார். அதுதான் கடைசிப் பேச்சு. என்னைப் பில் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். எக்ஸ்சேஞ்சு என்ற பெயர் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. இப்போது நான் 'டவருக்குப் பக்கத்து வீடு'. அது ஆளின் பெயர் அல்ல, பார்சல் கொண்டுவருகிறவனுக்குச் சொல்லும் அடையாளம்.

கடைப் பெண் அலுத்துப்போய், "உங்கள இன்னார்னு தெரிஞ்சவங்க ஒருத்தர் கையெழுத்துப் போட்டா ஃபாரத்துல அனுப்பிடலாம் ஐயா" என்றது. கடை நிறைய ஆட்கள். ஒரு முகம்கூட எனக்குத் தெரியவில்லை, அவர்களுக்கும் என்னை. மிச்சம் ஒருவர்தான். வெட்கத்தை விட்டுத் திரும்பினேன்.

அவர் நிதானமாக என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருங்க நீங்க?"

"எக்ஸ்சேஞ்சுங்க" என்றேன்.

"எந்த எக்ஸ்சேஞ்சு? பழைய டிவிக்குப் புது டிவி குடுப்பாங்களே, அதா? ரூல்படி பேரு சொல்லணும்ல?"

பெண் சிரித்தது. நானும் சிரித்தேன். இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்து, ஒரு சொல் குறையாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

உயிரோடு இருப்பதை நிரூபிக்காமலே நானும் வீடு திரும்பினேன். வழியில் அவர் மில் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். எக்ஸ்சேஞ்சு இருந்த கட்டடத்தில் பிரியாணிக் கடை. அதெல்லாம் போனது போகட்டும். போனுக்கு என்னைத் தெரியவில்லை, அதனால் இல்லை என்றது. அவருக்கு என்னை வேரோடு தெரியும்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. இந்த ஊரில் என்னை 'டா' போட்டுத் திட்ட மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய். அன்றைக்கு அதுவும் 'நீங்க' என்றுவிட்டது.