அருள் என்னிடம் சொன்னான்

தன் தாய் தரையில் விழுந்து கிடப்பதை அருள் என்னிடம் சொன்னான். நான் அதைத் தவறான பதில் என்று திருத்தினேன். அவன் ‘சரியான’ பதிலைச் சொன்னதும் கைதட்டினேன்.

இதுதான் நான் செய்தது. இனி நான் சொல்லப்போவதெல்லாம் விளக்கம்தான்... அதைச் சாக்கு என்று நீங்கள் எடுத்துக்கொண்டால் நான் மறுக்கமாட்டேன். மறுக்கும் தெம்பும் இல்லை.

திண்டிவனத்தில் எங்கள் பங்குக் கோவிலை ஒட்டி, ஞாயிறு மறைக்கல்வி நடக்கும் அறை ஒன்று உண்டு. சனிக்கிழமைகளில் அது பூட்டியே கிடக்கும். சிறப்புப் பள்ளியில் ஆசிரியையாக இருந்த நான்தான் பங்குச் சாமியாரிடம் பேசிச் சாவியை வாங்கினேன். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காவது பள்ளி என்று ஒன்று இருந்தது. அந்தக் குழந்தைகள் வளர்ந்து மீசை முளைத்த பிறகு? வீட்டின் நான்கு சுவரும் தொலைக்காட்சியும்தான்! அவர்களும் நாலு பேரோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கட்டும், கேரம் ஆடட்டும், ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைக்கட்டும் என்று அந்தக் கூட்டத்தைத் தொடங்கினேன். பிரம்மதேசத்திலிருந்துகூடப் பேருந்து பிடித்துப் பிள்ளைகளை அழைத்து வந்தார்கள்.

நல்ல நோக்கம்தான். அதை நான் இப்போதும் சந்தேகிக்கவில்லை. சந்தேகமெல்லாம் என்மேல்தான்.

அருளுக்கு அப்போது இருபத்துமூன்று வயது இருக்கும். தகப்பன் இல்லை. தாய் ஆரோக்கியமேரி ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சிறு வீட்டில் ரவிக்கை தைத்துப் பிழைத்தவள். அருளுக்குப் பொய் சொல்ல வராது. வராது என்றால், சுத்தமாக வராது! யாராவது “சாப்ட்டியா?” என்று கேட்டால், “இல்ல, பசிக்குது” என்பான். கேட்டவர் சோறு போட வேண்டுமா, சிரித்துவிட்டுப் போக வேண்டுமா என்று தெரியாமல் விழிப்பார்.

ஓமந்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில், “அம்மா நல்லா இருக்காங்களா?” என்று யாரோ அவனை விசாரித்திருக்கிறார்கள். “இல்ல. நேத்து அழுதாங்க. மாமா திட்னாரு” என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டான். மாமா அதே பந்தியில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாளே ஆரோக்கியமேரி என்னிடம் ஓடி வந்தாள். “மானம் போவுது மிஸ். ஊர்ல எல்லாரும் சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறாங்க, இவன் குடும்பத்தையே அவுத்துக் கொட்றான். ஒரே பேஜாரா இருக்குது. இவனுக்குப் பேசக் கத்துக் குடுங்க.”

கற்றுக்கொடுத்தேன். அதுதான் என் தொழிலாயிற்றே!

ஒரு மஞ்சள் பந்தை வைத்துக்கொண்டு வட்டமாக உட்காருவோம். பந்தை வீசுகிறவர் நலம் விசாரிக்க வேண்டும். பிடிக்கிறவர், “நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா?” என்று பதிலும் கேள்வியுமாகச் சொல்லித் திருப்பி வீச வேண்டும். பேச்சு என்பது இப்படிப் போய் வருவது என்று அவர்களுக்குப் புரியவைக்க நல்ல வழி. வேறு ஏதாவது சொன்னால் பந்தை வாங்கி வைத்துக்கொள்வேன். சரியாகச் சொன்னால்தான் ஆட்டம் தொடரும்.

அருளுக்கு அந்தப் பந்து என்றால் உயிர். அவன் “எனக்கு வயித்த வலிக்குது மிஸ்” என்று சொன்ன நாட்களிலும் நான் பந்தைக் கொடுக்கவில்லை. மெல்ல மெல்லப் பழகிக்கொண்டான். சாப்பிட்டாயா என்றால் “ஆச்சு.” அம்மா எப்படி என்றால் “நல்லா இருக்காங்க.” ஆரோக்கியமேரி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை... என்ன பெருமை வேண்டிக்கிடந்தது!

அந்தச் சனிக்கிழமை, எங்கள் கூட்டத்தைப் பார்க்கப் புதுச்சேரியிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். இதேபோல் அங்கேயும் தொடங்க எண்ணம் என்றார்கள். நான் நல்ல பருத்திப் புடவை உடுத்தியிருந்தேன்.

அருள் தனியாக வந்தான். தாய் இல்லாமல் அவன் வந்ததே இல்லை. சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தான். காலில் செருப்பு இல்லை. நான் பார்க்கவில்லையா? பார்த்தேன்! பார்த்துவிட்டு, ‘இன்றைக்கென்று பார்த்து இப்படி வந்து நிற்கிறானே’ என்றுதான் நினைத்தேன்.

அவன்தான் என் சிறந்த மாணவன். அதனால் முதல் பந்தை அவனுக்கே வீசினேன்.

“அம்மா நல்லா இருக்காங்களா அருள்?”

“அம்மா கீழ படுத்துக்கினு இருக்காங்க மிஸ்.”

வந்தவர்களில் ஒருவர் லேசாகச் சிரித்தார். நான் போய் அவன் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டேன். “எப்படிச் சொல்லணும் அருள்?”

“அம்மா கீழ... எழுந்துக்கல.”

நான் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன். அவன் பந்தையே பார்த்தான். விரல்களைத் தேய்த்துக்கொண்டான். பிறகு, நான் பழக்கியபடியே நிமிர்ந்து, என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்:

“அம்மா நல்லா இருக்காங்க மிஸ். நீங்க நல்லா இருக்கீங்களா?”

எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்!

மத்தியானத் தூக்கத்தைச் சொல்கிறான் என்று நினைத்தேன்... இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ‘எழுந்துக்கல’ என்று அவன் சொன்னபோது என் உள்ளே ஏதோ உறுத்தியது. அது என்ன என்று பார்க்க எனக்கு அப்போது நேரம் இல்லை. விருந்தாளிகளுக்குத் தேநீர் கொடுக்க வேண்டியிருந்தது.

பொழுது சாயும் நேரத்தில், ரவிக்கை வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்தான் ஆரோக்கியமேரியைப் பார்த்தாள். பக்கவாதம். புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். “அஞ்சு மணிக்குள்ளயாவது வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்” என்றார் மருத்துவர். மூன்று மணிக்கு நாங்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தோம்.

ஆரோக்கியமேரியின் தம்பி வின்சென்ட், பந்தியில் பெயர் கெட்ட அதே மாமா, விழுப்புரத்திலிருந்து வந்திருந்தார். மருத்துவமனை நடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா மிஸ் இது? பெத்தவ உழுந்து கெடக்கறா, இவன் உங்க கிட்ட வந்து பிஸ்கட் தின்னுக்கினு இருந்திருக்கான். ஒரு வார்த்த சொல்லலியா?”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அப்போது சொல்லியிருந்தால் அது வெறும் பிழையாக இருந்திருக்கும். “இந்த மாதிரிப் பசங்களுக்கு அப்படித்தாங்க... சொல்லத் தெரியாது” என்றேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தப் பழியை என் வாயாலேயே அவன்மேல் ஏற்றினேன்.

ஆரோக்கியமேரி பிழைத்தாள். வலக்கையும் வலக்காலும் போய்விட்டன. பேச்சு குழறியது. விழுப்புரத்தில் தம்பி வீட்டில் இருந்தாள். அருளை முகையூர்ப் பக்கம் ஏதோ ஒரு விடுதியில் சேர்த்துவிட வேண்டும் என்று வின்சென்ட் பிடிவாதமாக நின்றார். தாய் விழுந்ததைக்கூடச் சொல்லத் தெரியாதவனை வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது என்பது அவர் வாதம். அவள் மட்டும் ஒப்பவில்லை. என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினாள்.

போனேன். இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்துப் பேசினாள்.

“நாந்தான் மிஸ்... அனுப்ச்சேன். போய் மிஸ் கிட்ட... சொல்றான்னு. எம் புள்ள... சொன்னானா?”

வின்சென்ட் கதவருகே நின்றிருந்தார்.

உங்களுக்குப் புரிகிறதா? ‘சொன்னான்’ என்று ஒரே ஒரு வார்த்தை! அதைச் சொல்லியிருந்தால் மகன் அவளோடு இருந்திருப்பான். நான் கதவருகே நின்ற வின்சென்ட்டைப் பார்த்தேன்.

“இல்லம்மா... சொல்லல.”

அவள் என் கையை விட்டுவிட்டாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அடுத்த வாரமே அருளை விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள்.

கேள்விப்பட்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? சனிக்கிழமைக் கூட்டத்தை நடத்தினேன்! நடத்திக்கொண்டேதான் இருந்தேன். மஞ்சள் பந்தை மட்டும் எடுப்பதில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை. அதற்குப் பெயர் மனம் திருந்துவதா? இல்லை, கூச்சம்தான்.

சில ஆண்டுகள் கழித்து ஆரோக்கியமேரி இறந்தாள். திண்டிவனத்துக் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம். அருளை அழைத்து வந்திருந்தார்கள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள், இளைத்திருந்தான். குழியில் மண் போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தான். நலம் விசாரிக்கப் போகிறான் என்று நினைத்தேன்.

“நான் சொன்னேன் மிஸ்” என்றான். “அம்மா எழுந்துக்கலன்னு சொன்னேன். நீங்க பந்து குடுக்கல.”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. வின்சென்ட் அருகில் வந்தார். “இன்னா மிஸ் சொல்றான் இவன்?”

தாய்க்கு இனி எதுவும் தெரியப்போவதில்லை. மறைத்து நான் காப்பாற்ற வேண்டியது என் பெயர் ஒன்றுதான்... அது அவ்வளவு பெரிய பெயரும் இல்லை.

“தெரியலீங்க” என்றேன். “ஏதோ ஞாபகத்துல பேசறான்.”

வின்சென்ட் அவன் தோளைப் பிடித்து வண்டிக்கு அழைத்துப் போனார். போகும்வரைக்கும் “சொன்னேன் மாமா, சொன்னேன் மாமா” என்று சொல்லிக்கொண்டே போனான்.

அவன் இன்றைக்கும் அந்த விடுதியில்தான் இருக்கிறான். வின்சென்ட் விழுப்புரத்தில்தான் இருக்கிறார். பேருந்து ஏறினால் ஒரு மணி நேரப் பயணம். எத்தனையோ முறை நிலையம்வரை போயிருக்கிறேன்... முன்பின் தெரியாத உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.