சிணுங்கி போட்ட ஸ்விட்ச்

வீட்டில் அவளுக்குச் சிணுங்கி என்று பட்டப்பெயர். குக்கர் விசில் அடித்தாலே அடுத்த அறைக்கு ஓடுகிற பிள்ளையை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? ஆனால் கணக்கில் புலி.

அவள் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த வருடம், பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கும் பெண்கள் நாலைந்து பேர் அவள் பள்ளிக்கு வந்தார்கள். பெண்களுக்கு மெஷின் ஒத்துவராது என்ற பேச்சைக் கேட்டுக் காது புளித்துப் போனவர்கள். சனிக்கிழமைதோறும் தங்கள் பட்டறையில் பள்ளி மாணவிகளுக்கு வேலை பழக்கி, நுழைவுத் தேர்வுக்கும் தயார் செய்வதாகச் சொன்னார்கள். அவர்களில் மூத்தவளை எல்லோரும் ஸ்பேனர் அக்கா என்றார்கள். சிணுங்கி கை தூக்கினாள். தூக்கிய பிறகுதான் பயம் வந்தது.

காரணம் அவள் அப்பா. இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் மெஷின் ஓட்டியவர். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, சுழன்ற இரும்பு அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தது. இரண்டு விரல்கள் போயின. இப்போது ஒரு கிடங்கில் காவலாளி.

முதல் சனிக்கிழமை, ஸ்பேனர் அக்கா லேத்தை ஓடவிட்டதும் சிணுங்கிக்குக் கண் இருட்டியது. கழிவறைக்கு ஓடி வாந்தியெடுத்தாள். வெளியே பல்கலைக்கழகப் பையன்கள் இரண்டு பேர் சிரிப்பது கேட்டது.

"சொன்னேன்ல? பொண்ணுங்களுக்கு மெஷின்னாலே பயம்டா."

பயந்தது அவள் ஒருத்தி. பெயர் கெட்டதோ எல்லாப் பெண்களுக்கும். அடுத்த வாரம் அவள் போகவில்லை. ஸ்பேனர் அக்கா வீடு தேடி வந்தாள். அம்மா வாசலிலேயே மறித்தாள்.

"இந்த வீட்டுல ஒருத்தர் கையைக் குடுத்தது போதும்மா. எம் பொண்ண விட்டுடு."

அக்கா வாதாடவில்லை. சிணுங்கியைப் பார்த்தாள். "பயமா இருக்கா?"

"ஆமாக்கா. நான் வந்தா உங்க பேரும் சேர்ந்து கெடும்."

"எனக்கும் பயம்தான். ஒவ்வொரு தடவ ஸ்விட்ச் போடும்போதும்தான்."

"அது எப்பக்கா போகும்?"

"மூணு வருஷமாச்சு. இன்னும் போகல."

"நல்லா சொன்ன போ ஆறுதல்!" என்றாள் அம்மா.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "வர்ற சனிக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன்." அம்மா திரும்பி உள்ளே பார்த்தாள். விபத்துக்குப் பிறகு அவர் எந்தப் பட்டறை இருக்கும் தெருப்பக்கமும் போனதில்லை.

அந்தச் சனிக்கிழமையும் அவர் பல்கலைக்கழகப் பட்டறையின் வாசற்படியைத் தாண்டவில்லை. உள்ளே அக்கா சொல்லச் சொல்ல, சிணுங்கி தலைமுடியை இறுகக் கட்டினாள். வளையலைக் கழற்றினாள். மெஷினில் இரும்பை இறுக்கிய சாவி சுழலும்போது தெறித்துவிடாமல், அதை எடுத்து அப்பால் வைத்தாள். எடுத்துவிட்டோமா என்று மறுபடி பார்த்தாள். ஸ்விட்சுக்குப் போன கை அந்தரத்தில் நின்றது. திரும்பிப் பார்த்தால் அப்பாவின் முகம் வெளிறிக் கிடந்தது.

"சட்டைக் கைய இன்னும் கொஞ்சம் மேல ஏத்திக்கோம்மா" என்றார்.

ஏற்றிக்கொண்டாள். ஸ்விட்சைப் போட்டாள். உறுமல் நெஞ்சுக்குள் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினாள். உளி பட்டதும் இரும்பு சுருள் சுருளாக உரிந்து விழுந்தது. அணைத்தபோது முதுகெல்லாம் வியர்வை.

"அவ்ளோதானாக்கா?"

"அவ்ளோதான்."

அப்பா வாசலில் இல்லை. வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சுதா? நான் கண்ண மூடிக்கிட்டேம்மா. ஒண்ணுமே பாக்கல."

சனிக்கிழமைகள் தொடர்ந்தன. நுழைவுத் தேர்வில் தேறி, அதே பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலுக்கே அவளுக்கு இடம் கிடைத்தது. அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பெட்டி கட்டித் தந்தாள்.

முதல் செய்முறை வகுப்பில் பயிற்சியாளர், "பொண்ணுங்க ஓரமா நின்னு பாத்தா போதும்" என்றார்.

சிணுங்கி வளையலைக் கழற்றினாள். சட்டைக் கையை மேலே ஏற்றினாள்.

"நான் ஓட்டுறேன் சார்."

அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு விலகி நின்றார். பயம் போகாமலே அவள் ஸ்விட்சை நோக்கிப் போனாள்.